போனும் டைரியும் ஒரே பேட்டரியில்: 2004-இல் மலைக்கு எது பொருந்தியது?

கோத்தகிரிப் பக்கம் தனியார் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பசுந்தேயிலை சேர்த்துக் கொடுத்த உங்கள் பெரியப்பா, 2004-இல் சட்டைப்பையில் நோக்கியா 6310ஐ போனையும் தோல் உறையில் பாம் டங்ஸ்டன் டி கையடக்கக் கணினியையும் தனித்தனியே வைத்திருந்தார். குன்னூர் ஏலத்தில் தூள் வாங்கிக் கோவைக்கு அனுப்பிக்கொண்டிருந்த உங்கள் அப்பா, இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் ட்ரியோ 600 வாங்கினார். அண்ணனைப் பழைய பஞ்சாங்கம் என்று தம்பியும், தம்பியை ஆடம்பரக்காரன் என்று அண்ணனும் சொல்லிக்கொண்ட சண்டை வீட்டில் இன்னும் ஓயவில்லை. யார் செய்தது சரி, பீரோவில் கிடக்கும் அந்தக் கருவிகளிலிருந்து பழைய கணக்குகளை இனி எடுக்க முடியுமா என்பவை உங்கள் கேள்விகள்.

அந்த ஆண்டுகளில் குன்னூரில் கணினியும் போனும் பழுது பார்த்துப் பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலையில் இருந்தவருக்கு உங்கள் பெரியப்பாவின் ஏற்பாடுதான் சரி. 2005 வரைக்கும் சரி. அதற்குப் பிறகு அவர் பிடித்தது பிடிவாதம்.

இன்று கையில் இருக்கும் போனை வைத்து, போனும் கையடக்கக் கணினியும் ஒன்றான அன்றைய கூட்டுக் கருவியை எடை போடக் கூடாது. 1994-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஐபிஎம் சைமன்தான் இந்த வம்சத்தின் மூத்தது. அரைக் கிலோ கனம். பேசினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பேட்டரி தீரும். இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு வாங்கினாலே 899 டாலர். ஏறக்குறைய 50,000 விற்றதோடு கதை முடிந்தது. 1996-இல் நோக்கியா 9000 கம்யூனிகேட்டர் வந்தது. மூடினால் போன், திறந்தால் விசைப்பலகையும் அகலத் திரையும். அதுவும் 397 கிராம். 2000-இல் எரிக்சன் ஆர்380 ஆளை அசரவைக்கும் அளவுக்கு மெலிந்து வந்தது, ஆனால் வெளியார் எழுதிய மென்பொருள் எதையும் அதில் ஏற்ற முடியாது. 2002-இல் வந்த பிளாக்பெர்ரி 5810-இல் மின்னஞ்சல் அருமையாக வரும். பேச வேண்டுமென்றால் காதுக் கருவியைச் செருகித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கருவியில் காதுக்கும் வாய்க்கும் இடமே வைக்கவில்லை! அதே ஆண்டில் ஓ2 எக்ஸ்டிஏவும் சோனி எரிக்சன் பி800-ம் வந்தன. ட்ரியோ 600 வந்தது 2003-இல். இவற்றில் ஒன்றுகூட அரைகுறை ஆட்கள் செய்த பொருள் அல்ல. ஒவ்வொன்றும் எதையோ விட்டுக்கொடுத்து எதையோ பெற்றது. விட்டுக்கொடுத்தது உங்களுக்குத் தேவையானதாக இருந்தால் போச்சு, அவ்வளவுதான்.

மலைக்காரருக்கு முதல் சிக்கல் பேட்டரி. கையடக்கக் கணினி இயல்பிலேயே சிக்கனமானது. 1997-இன் பாம் பைலட் இரண்டு சிறு பென்சில் பேட்டரிகளில் வாரக்கணக்கில் ஓடியது. திரையில் எதுவும் மாறாதபோது அதன் மூளையான பிராசசர் தூங்கிவிடும். ஒரு பொத்தானைத் தட்டினால் அந்தக் கணமே விழிக்கும். வண்ணத் திரை வந்த பிறகு வாரங்கள் நாட்களாகக் குறைந்தாலும் அந்தக் குணம் மாறவில்லை. போன் அப்படி இல்லை. நாம் பேசாதபோதும் அது டவரோடு பேசிக்கொண்டே இருக்கும். டவர் அருகில் இருந்தால் மெதுவாகப் பேசும், தூரத்தில் இருந்தால் கத்தும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு ஜிஎஸ்எம் போன் அதிகபட்சமாக 2 வாட் வரை அலை வீசலாம். டவர் பக்கத்தில் இருந்தால் அந்த அளவைப் பல மடங்கு குறைத்துக்கொள்ளச் சொல்லி வலைப்பின்னலே கட்டளையிடும். சிக்னல் அறவே இல்லையென்றால், எங்கேயாவது டவர் கிடைக்குமா என்று அலைவரிசைகளை மாற்றி மாற்றித் துழாவும்.

இதைக் கோவையில் இருப்பவர் உணர வாய்ப்பில்லை. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, பர்லியாறு தாண்டி, குன்னூர் வந்து சேர்வதற்குள் ஒரு போன் எத்தனை முறை டவரைத் தொலைத்துத் தேடும் என்று பாருங்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு முகடு வந்து மறைக்கும். எதிர்ச்சரிவில் இருக்கும் எஸ்டேட்டுக்கு முழுக் கோடுகள் காட்டும் போன், நூறடி இறங்கிப் பள்ளத்துக் காட்டுக்குள் போனால் ஊமையாகிவிடும். பெரியப்பாவின் பிழைப்பே அந்தப் பள்ளங்களில்தான். அரவேனுவிலும் கீழ்க் கோத்தகிரியிலும் விவசாயிகளின் தோட்டங்களுக்குள் அவர் நடந்துகொண்டிருக்கும்போது, சட்டைப்பையில் இருந்த நோக்கியா டவர் தேடித் தேடிக் களைத்திருக்கும். களைக்கட்டும். அது களைத்ததால் டங்ஸ்டனில் இருந்த எடைக் கணக்குக்கு ஒரு பாதகமும் இல்லை. கூட்டுக் கருவியிலோ, கூட்டுக் குடித்தனத்தில் ஒருவர் மட்டும் பானையைக் காலி செய்வதுபோல், ரேடியோ தின்றது போக மிச்சம்தான் டைரிக்கு. மார்கழி, தைக் குளிரில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் விடியற்காலைகளில் லித்தியம் பேட்டரியின் கொடுக்கும் திறன் வேறு சுருங்கும்.

பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமே, இதில் என்ன பெரிய நஷ்டம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். நஷ்டம் இதுதான்: அன்றைய பாம், மைக்ரோசாப்ட் மென்பொருளில் ஓடிய பாக்கெட் பிசி, ட்ரியோ 600 எல்லாமே நாம் எழுதுவதை ராம் நினைவகத்தில் வைத்தவை. மின்சாரம் இருக்கும்வரைதான் அதில் எழுத்து நிற்கும். திரை அணைந்த பிறகும் நினைவகத்தைக் காப்பதற்கென்று கொஞ்சம் மின்சாரத்தை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அந்தச் சேமிப்பும் தீர்ந்தால் டைரி, முகவரி, கணக்கு எல்லாம் துடைத்த பலகை. ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழுந்து கம்பி அறுந்து கோத்தகிரிக் கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த மழைக்குப் பிறகு என் மேசைக்கு வரும் கருவிகளைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். சார்ஜர் செருகிச் சற்று நேரம் கழித்துத் திரை ஒளிரும். நடுவில் ஒரு சிறு குறி தோன்றும். அதன் மையத்தைக் கருவியோடு வரும் எழுதுகுச்சியால் தொடச் சொல்லும். தொட்டால் குறி இன்னொரு மூலைக்கு நகரும். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்று கருவி செய்யும் முதல் வேலை அது. அந்தக் குறியைப் பார்த்தால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள். வாடிக்கையாளர் மட்டும், 'திரை வந்துவிட்டதே!' என்று சந்தோஷப்படுவார்.

வீட்டுக் கணினியோடு ஒழுங்காக ஹாட்சிங்க் செய்து, அதாவது கருவியில் இருப்பதைக் கணினியிலும் நகலெடுத்து வந்தவருக்கு இது ஒரு மணி நேரத் தொல்லை, அவ்வளவுதான். ஆனால் மின்சாரம் இல்லாத வாரத்தில் அந்தக் கணினியும் ஓடாது. எப்போது தேவையோ அப்போது கிடைக்காத காப்பு அது.

இரண்டாவது சங்கடம் இன்னும் சின்னது, ஆனால் தினமும் வருவது. யாராவது அழைத்து, 'வியாழக்கிழமை வரட்டுமா?' என்று கேட்பார். டைரி கையில் இருக்கிறது. அதே கையில்தான் போனும் இருக்கிறது, காதோடு ஒட்டிக்கொண்டு. காதிலிருந்து எடுத்தால் பேச்சு கேட்காது, எடுக்காவிட்டால் டைரி தெரியாது. ஒலிபெருக்கியைப் போடலாம், ஆனால் வியாபாரப் பேச்சைப் பஸ்ஸில் இருப்பவர் எல்லாம் கேட்க வேண்டியிருக்கும். ட்ரியோ வாங்கியவர்கள் காதுக் கருவியைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்ததற்கு நாகரிகம் காரணமல்ல, இதுதான் காரணம். பெரியப்பா இடது கையில் நோக்கியாவைக் காதில் வைத்துக்கொண்டு, மேசைமேல் டங்ஸ்டனைப் பார்த்தபடியே பதில் சொல்லியிருப்பார். அதோடு, தொடுதிரை முழுவதையும் கன்னத்தில் வைத்துப் பேசினால் எண்ணெய்ப் பூச்சு ஒட்டும். முகம் அருகில் வந்தால் திரையை அணைக்கும் உணரியெல்லாம் அன்று கிடையாது. எக்ஸ்டிஏவில் கன்னமே ஏதாவது பொத்தானை அழுத்திவிடும். சோனி எரிக்சன்காரர்கள் பி800-இல் மூடித் திறக்கும் எண்பலகை வைத்துச் சமாளித்தார்கள். ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனம் ட்ரியோ 600-இல் திரையைச் சிறிதாக்கி, கீழே விசைப்பலகையை வைத்துச் சமாளித்தது. 160-க்கு 160 புள்ளிதான் திரை. டங்ஸ்டன் டி-யில் 320-க்கு 320. ஏலப் பட்டியல் மாதிரி நீளமான அட்டவணையை இரண்டிலும் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் அப்பாவே பேசாமல் இருப்பார்.

சரி, அப்பாவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதுவும் வலுவில்லாததல்ல.

மழையில் நில்லுங்கள். ஒரு கையில் குடை. டங்ஸ்டனை எடுத்தால் ஒரு கை பிடிக்க, ஒரு கை குச்சியால் எழுத. குடையை யார் பிடிப்பது? ட்ரியோவை ஒரே கையில் பிடித்துக் கட்டைவிரலால் தட்டலாம். பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டினாலே ஆள் வந்துவிடுவார். இன்னொரு தட்டில் அழைப்பு போகும். இந்த ஒரு காரியத்தை ட்ரியோ அளவுக்குச் சுத்தமாக அன்று வேறெதுவும் செய்யவில்லை. நாளெல்லாம் வாங்குபவர்களையும் லாரிக்காரர்களையும் அழைத்துக்கொண்டே இருக்கும் ஆளுக்கு அது பெரிய லாபம். பெரியப்பாவுக்கோ, எண் டங்ஸ்டனில் இருக்கும், அழைக்க வேண்டியது நோக்கியாவில். ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் எண்ணை அழுத்த வேண்டும், அல்லது ஒரே ஆளின் எண்ணை இரண்டிலும் வைத்துப் பராமரிக்க வேண்டும். எண் மாறினால் ஒன்றில் மாற்றுவோம், மற்றதில் மறப்போம்.

இரண்டையும் புளூடூத்தில் இணைக்கலாம் என்பது உண்மை. டங்ஸ்டன் டி-யிலும் 6310ஐ-யிலும் புளூடூத் இருந்தது, அந்த ஜோடியைத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆனால் மின்னஞ்சல் பார்க்க என்ன பாடு தெரியுமா? முதலில் இரண்டுக்கும் ஒரே கடவுஎண் கொடுத்து அறிமுகம் செய்ய வேண்டும். பிறகு பாம், போனை மோடமாக நினைத்துக்கொண்டு நட்சத்திரம் 99 ஹாஷ் என்று டயல் செய்யும். போன், அன்றைய மொபைல் இணையமான ஜிபிஆர்எஸ் கேட்கும். டவர் மறுக்கும். மறுபடி. கிடைத்தாலும் நொடிக்கு 30, 40 கிலோபிட் வந்தால் பாக்கியம். அகச்சிவப்பு மட்டும் இருந்த பழைய கருவிகளில் இன்னும் மோசம், இரண்டு கருவிகளின் கண்களும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓடும் பஸ்ஸில் முயன்று பார்த்தவர்கள் அறிவார்கள். ட்ரியோவில் ஒரே பொத்தான். மின்னஞ்சலே உயிர் என்று இருந்தவருக்குக் கூட்டுக் கருவியைத் தவிர வேறு வழி இல்லை என்றே சொல்வேன். ஆனால் 2004-இல் மலையில் யார் அப்படி இருந்தார்கள்? பசுந்தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. விவசாயியும் ஏஜெண்டும் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளவில்லை. அழைப்பு வந்தாலும் காசு பிடுங்கும் முறை ஒழிந்ததே 2003-இல்தான்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போன் சீக்கிரம் பழசாகும், டைரி ஆகாது. ஜிபிஆர்எஸ் வந்தது, அதைவிட வேகமான எட்ஜ் வந்தது, அதன்பின் வேறு வந்தது. ரேடியோ பழசானால் கூட்டுக் கருவி முழுவதும் பழசு. தனித்தனியே வைத்திருந்தவர் போனை மட்டும் மாற்றினார். இதற்கு நடுவழி ஒன்றை ஹேண்ட்ஸ்பிரிங்கே 2000-இல் காட்டியது. வைசர் கையடக்கக் கணினியின் முதுகில் இருந்த பொந்தில் செருகிக்கொள்ளும் வைசர்போன். தனக்கென்று சொந்த பேட்டரியோடு வந்தது அது. நான் மேலே புலம்பியதை எல்லாம் யாரோ அப்போதே யோசித்திருக்கிறார்கள். செருகினால் கருவி செங்கல் கனத்துக்குப் போனது, வாங்க ஆளில்லை. நிறுவனமே அந்தப் பொந்தைக் கைவிட்டு ட்ரியோவுக்குப் போய்விட்டது.

அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்த ட்ரியோக்கள் தனிக் கதை. அவற்றில் சில, ஜிஎஸ்எம்முக்குப் பதிலாக சிடிஎம்ஏ என்ற வேறு வகை வலைப்பின்னலுக்காக அங்கே விற்கப்பட்டவை. சிம் அட்டைக்கு இடமே இருக்காது. இங்கே அதை வைத்து டைரி எழுதலாம், அழைக்க முடியாது. அதாவது போன் கட்டணமில்லாத, ரொம்ப விலை உயர்ந்த பாம்! கொண்டுவந்தவர் மனம் நோகாமல் இதை விளக்குவது என் தொழிலின் கடினமான பகுதி.

கேமராவும் ஒரு தொல்லை. ட்ரியோ 600-இல் 0.3 மெகாபிக்சல் கேமரா ஒன்று ஒட்டியிருந்தது, படம் சுமார். ஆனால் பாதுகாப்பு வளாகங்களில் கேமரா போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடும் வழக்கம் உண்டு. ராணுவ முகாம் உள்ள வெலிங்டனும் வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ள அருவங்காடும் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமில்லை. போனை வாசலில் கொடுத்தால் டைரியும் வாசலில். இதற்காகவே கேமரா இல்லாத ட்ரியோவும் தயாரித்து விற்றார்கள்.

தமிழ் எழுதுவதில் இரண்டு பேரும் சமம், அதாவது இரண்டு பேருக்கும் இல்லை. போனில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத முத்து நெடுமாறனின் செல்லினம் வந்ததே 2005-இல். ஆனால் டங்ஸ்டனில் நோட் பேட் என்று ஒன்று இருந்தது. குச்சியால் என்ன கிறுக்கினாலும் அப்படியே படமாகச் சேமித்துக்கொள்ளும். விவசாயியின் பெயரையும் ஊரையும் தமிழிலேயே எழுதி, பக்கத்தில் கிலோவை எழுதி வைத்த ஏஜெண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ட்ரியோவின் சின்னத் திரையில் அந்தச் சுகம் கிடைக்காது.

இனி 2005. ஏன் அந்த ஆண்டைக் கோடாகக் கிழித்தேன்? 2004 கடைசியில் வந்த ட்ரியோ 650, பேட்டரி செத்தாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாறியது. பேட்டரியையும் கழற்றி மாற்றலாம். பள்ளத்துக்கு இறங்கும்போது பையில் இன்னொன்று வைத்துக்கொண்டால் போதும். திரை 320-க்கு 320 ஆனது, புளூடூத்தும் சேர்ந்தது. மைக்ரோசாப்டும் 2005-இல் விண்டோஸ் மொபைல் 5.0-இல் அழியாத நினைவகத்துக்கு வந்தது. என் முதல் எதிர்ப்பு அத்தோடு விழுந்தது. மாற்றம் சுமுகமாக நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 650-இன் முதல் வடிவத்தில் எவ்வளவு சின்னக் குறிப்பானாலும் 512 பைட் கட்டங்களாகத்தான் இடம் பிடிக்கும். இரண்டு வரி முகவரிக்கும் முழுக் கட்டம். ட்ரியோ 600-இல் தாராளமாக அடங்கியிருந்த தகவல், புதிய கருவியில் அடங்காமல் வழிந்தது. சத்தம் பெரிதானதும், பாமும் ஹேண்ட்ஸ்பிரிங்கும் சேர்ந்து உருவான பாம்ஒன் நிறுவனம் 128 எம்பி அட்டை ஒன்றை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தது. இருந்தாலும் மழை வாரத்தில் டைரி பறிபோகாது என்ற நிம்மதிக்கு முன்னால் அது தூசு. அதற்குப் பிறகும் இரண்டு கருவி தூக்கித் திரிந்தவருக்கு நான் காரணம் கண்டுபிடித்துத் தர மாட்டேன். உங்கள் பெரியப்பா உட்பட.

கடைசியாக, பீரோவில் இருப்பவை. டங்ஸ்டனும் ட்ரியோ 600-ம் இத்தனை ஆண்டுகள் சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் அவற்றின் ராமில் எதுவும் மிஞ்சியிருக்காது. அவற்றின் பேட்டரி உள்ளேயே பதித்தது. முதுகுப்பக்கம் லேசாக உப்பியிருந்தால்கூடச் சார்ஜரைச் செருக வேண்டாம். எஸ்டி அட்டை ஏதாவது செருகியிருந்தால் கழற்றிப் படித்துப் பாருங்கள், அதில் இருப்பது அழிந்திருக்காது. நோக்கியா 6310ஐ-யில் போன் புத்தகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், கடிகாரம் மட்டும் தப்புக் காட்டும். அதன் பேட்டரி கழற்றக்கூடியது, மாற்று இன்றும் கிடைக்கும்.

ஆனால் நீங்கள் தேடுவது எடைக் கணக்கு அல்லவா? அது இருந்தால் வீட்டின் பழைய கணினியில்தான் இருக்கும். அதன் ஹார்டு டிஸ்க்கில் பாம் அல்லது பாம்ஒன் என்ற கோப்புறையைத் தேடுங்கள். அதற்குள் பயனர் பெயரைச் சுருக்கி ஒரு கோப்புறை, அதற்குள் டேட்புக், அட்ரஸ், பேக்கப் என்று தனித்தனியாக இருக்கும். எதையும் திறப்பதற்கு முன்னால் முழுக் கோப்புறையையும் வேறொரு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். டங்ஸ்டனுக்கு உயிர் கொடுத்து அந்தக் கணினியோடு ஹாட்சிங்க் செய்து பார்க்க மட்டும் ஆசைப்பட வேண்டாம். 'கருவியில் இருப்பதே சரி' என்ற அமைப்பு அதில் தேர்வாகியிருந்தால், வெறும் கருவி நிறைந்த கணினியையும் வெறுமையாக்கிவிடும். பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று என்றால், ஹார்டு டிஸ்க்கை மட்டுமாவது யாராவது கழற்றி வைத்தார்களா என்று பெரியம்மாவிடம் கேளுங்கள்.